பிட் ஸ்டாப்பும் பந்தய முடிவும்: ஃபார்முலா 1 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார்முலா 1 பந்தயத்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவருக்கு முதல் சில சுற்றுகள் சுலபமாகத்தான் இருக்கும். முன்னால் போகிறவர் முதலிடம், அடுத்து வருகிறவர் இரண்டாமிடம். யாராவது ஒருவர் டயர் மாற்ற உள்ளே திரும்பியதும் குழப்பம் தொடங்கிவிடும். ஏழாவது இடத்தில் இருப்பவர்தான் ஜெயிக்கப் போகிறார் என்று வர்ணனையாளர் சொல்வார், ஏனென்று புரியாது. திரையில் தெரியும் இடத்தைவிட, கார்களுக்கு நடுவே எத்தனை வினாடி இருக்கிறது என்பதுதான் உண்மையான நிலவரம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் போகின்றன. உதாரணங்கள் எல்லாம் நடந்த பந்தயங்கள்.

டயர் மாற்ற இரண்டு வினாடிதான் ஆகிறது. பிறகு ஏன் "20 வினாடி போய்விட்டது" என்கிறார்கள்?

அந்த இரண்டு வினாடி கார் அசையாமல் நிற்கும் நேரம் மட்டும்தான். பிட் லேனுக்குள், அதாவது தடத்தை ஒட்டி அணிகள் டயர் மாற்றும் தனிப்பாதைக்குள், நுழையும் கோட்டிலிருந்து வெளியேறும் கோடு வரை வேகக் கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலான தடங்களில் மணிக்கு 80 கி.மீ., மொனாக்கோவில் 60. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். நேரம் போவது இந்த ஊர்தலில்தான். தடத்துக்குத் தடம் மாறினாலும், மொத்த இழப்பு சுமார் 20 வினாடி என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இதிலிருந்துதான் மற்ற எல்லாக் கணக்கும் பிறக்கிறது. உங்களுக்குப் பின்னால் 25 வினாடி காலியாக இருந்தால், உள்ளே போய் டயர் மாற்றி வந்தாலும் உங்கள் இடம் உங்களுக்கே. 15 வினாடிதான் என்றால், வெளியே வரும்போது பின்னால் வந்தவர் முன்னால் போயிருப்பார்.

அந்த இரண்டு வினாடிக்குள் நடப்பதையும் ஒருமுறை நிதானமாகக் கவனியுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று பேர்: ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியால் நட்டைக் கழற்றி மறுபடி முடுக்குவார், ஒருவர் பழைய சக்கரத்தை இழுப்பார், ஒருவர் புதியதை மாட்டுவார். முன்னும் பின்னும் ஜாக்கோடு ஒவ்வொருவர், கார் ஆடாமல் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள இருவர். கார் வந்து நிற்பதற்கு முன்பே துப்பாக்கிக்காரர் சக்கரம் வரப்போகும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோயிருப்பார். வீரர் ஒரு சாண் தள்ளி நிறுத்தினாலே நேரம் கூடிவிடும். 2023 கத்தார் பந்தயத்தில் லாண்டோ நோரிஸின் காருக்கு மெக்லாரன் அணி 1.80 வினாடியில் நான்கு சக்கரத்தையும் மாற்றியது ஒரு சாதனை.

பெட்ரோல் நிரப்புவதில்லை என்றால் எதற்காக நிறுத்த வேண்டும்?

பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது 2010 முதல் தடை. அதனால் நிறுத்தம் முழுக்க முழுக்க டயருக்காகத்தான். இரண்டு காரணம். ஒன்று, டயர் தேயத் தேய வேகம் குறைகிறது. இன்னொன்று விதி: ஈரமில்லாத பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை டயர்களைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். அதாவது, ஒருமுறையாவது உள்ளே வராமல் முடியாது. மழை டயர் போட வேண்டி வந்த பந்தயத்தில் இந்தக் கட்டாயம் கிடையாது.

டயரில் இருக்கும் நிறங்கள் என்ன?

சிவப்பு மென்மையானது: வேகம் அதிகம், ஆயுள் குறைவு. மஞ்சள் நடுத்தரம். வெள்ளை கடினமானது: வேகம் கொஞ்சம் குறைவு, நீடித்து உழைக்கும். பச்சை லேசான ஈரத்துக்கு, நீலம் நல்ல மழைக்கு. 2011 முதல் எல்லா அணிகளுக்கும் பைரெல்லிதான் டயர் தருகிறது. ஆகவே யாருக்கு எது கிடைத்தது என்பதைவிட, யார் எதை எப்போது மாட்டினார்கள் என்பதே வித்தியாசம்.

அண்டர்கட் என்றால் என்ன?

முன்னால் போகிறவரைத் தடத்தில் முந்த முடியவில்லை. சரி, அவருக்கு முன்பே உள்ளே போய்ப் புது டயர் போட்டுவிடுவது. அவர் இன்னும் பழைய டயரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு சுற்றுகளில், நீங்கள் புது டயரில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வினாடி, சில சமயம் அதற்கு மேலும் சம்பாதிக்கிறீர்கள். அவர் உள்ளே போய் வெளியே வரும்போது நீங்கள் அவரைத் தாண்டியிருப்பீர்கள். கார்கள் நேருக்கு நேர் மோதாமலே இடம் கைமாறிவிடும்.

2021 பஹ்ரைன் பந்தயம் இதற்கு நல்ல பாடம். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் முன்னால், லூயிஸ் ஹாமில்டன் பின்னால். மெர்சிடிஸ் ஹாமில்டனை 13ஆவது சுற்றிலேயே அழைத்துவிட்டது. ரெட் புல் சில சுற்று கழித்துத்தான் வெர்ஸ்டாப்பனை அழைத்தது. அவர் வெளியே வந்தபோது ஹாமில்டன் முன்னால். இரண்டாவது நிறுத்தத்திலும் ஹாமில்டன் முந்திக்கொண்டார்.

ஆனால் அண்டர்கட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, அது பந்தயத்தின் கடைசியில்தான் வசூலாகும். முன்னதாகவே மாற்றியதால் ஹாமில்டனின் டயர் 10 சுற்றுக்கு மேல் பழையது. வெர்ஸ்டாப்பன் விரட்டிப் பிடித்து, முடிய நான்கு சுற்றுகள் இருக்கும்போது முந்தியும்விட்டார். ஆனால் தட எல்லைக்கு வெளியே போய் முந்தியதால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஹாமில்டன் 0.745 வினாடியில் ஜெயித்தார். அந்த ஒரு தடுமாற்றம் இல்லாவிட்டால் அதே வியூகத்தைத் தோற்ற வியூகம் என்று எழுதியிருப்பார்கள். வியூகம் சரியா தவறா என்பதை முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் ஓவர்கட்?

அதன் நேரெதிர். எதிராளி உள்ளே போனதும் நீங்கள் வெளியிலேயே இருந்து, காலியான தடத்தில் வேகமாக ஓட்டி இடைவெளியைக் கூட்டிக்கொள்வது. பழைய டயரில் இன்னும் உயிர் இருக்க வேண்டும், புது டயர் சூடேற நேரமும் எடுக்க வேண்டும். அப்போதுதான் பலிக்கும். 2017 மொனாக்கோவில் முன்னால் இருந்த கிமி ராய்க்கோனனை ஃபெராரி முதலில் அழைத்தது. அவர் மெதுவாகப் போகும் கார்களுக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டார். செபாஸ்டியன் வெட்டல் ஐந்து சுற்றுகள் கூடுதலாக ஓடிவிட்டு உள்ளே போய், ராய்க்கோனனுக்கு முன்னால் வெளியே வந்து ஜெயித்தார்.

ஒரு நிறுத்தமா, இரண்டா, மூன்றா? எப்படி முடிவு செய்கிறார்கள்?

கூடுதல் நிறுத்தத்துக்கு 20 வினாடி செலவு. புது டயரில் கிடைக்கும் வேகம் மீதிச் சுற்றுகளில் அந்த 20 வினாடியைத் திருப்பித் தருமா என்பதுதான் கேள்வி. முந்துவது சுலபமான தடத்தில் தரும். முந்தவே முடியாத இடத்தில், வேகமான டயரோடு மெதுவான காருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்த விஷயத்தில் ஹங்கேரி 1998 பந்தயத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள். ஹங்கரோரிங் முந்துவதற்குக் கடினமான தடம். இரண்டு மெக்லாரன்களுக்குப் பின்னால் தொடங்கிய மைக்கேல் ஷூமாக்கரை, ஃபெராரியின் ராஸ் பிரான் பந்தயத்தின் நடுவே மூன்று நிறுத்தத் திட்டத்துக்கு மாற்றினார். அப்போது எரிபொருள் நிரப்பும் காலம், ஆகவே கார் குறைந்த எடையோடும் ஓடும். ஆனால் 19 சுற்றுகளில் 25 வினாடி இடைவெளி ஏற்படுத்தியாக வேண்டும் என்பது நிபந்தனை. ஷூமாக்கர் சுற்றுக்குச் சுற்று, தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்றில் ஓட்டுவதுபோல் ஓட்டி அதைச் சாதித்தார், பந்தயத்தையும் வென்றார். காகிதத்தில் போட்ட கணக்கை ஒரு மனிதன் ஸ்டீயரிங்கைப் பிடித்து உண்மையாக்கிக் காட்டியதால்தான் எனக்கு அந்தப் பந்தயம் மேல் அத்தனை மதிப்பு.

அதே தடத்தில் 2019இல் ஹாமில்டன் முந்த முடியாமல் இருந்தபோது மெர்சிடிஸ் அவரை இரண்டாம் முறை உள்ளே அழைத்தது. சுமார் 20 வினாடி பின்தங்கியவர், 70 சுற்றுப் பந்தயத்தின் 67ஆவது சுற்றில் வெர்ஸ்டாப்பனைத் தாண்டினார். வெர்ஸ்டாப்பனாலும் டயர் மாற்ற முடியவில்லை. உள்ளே போனால் இடம் கட்டாயம் போகும், போகாவிட்டால் டயர் போகும்.

சேஃப்டி கார் வந்ததும் எல்லோரும் ஏன் உள்ளே ஓடுகிறார்கள்?

விபத்து நடந்து சேஃப்டி கார் வந்தால் தடத்தில் இருக்கும் எல்லோரும் மெதுவாகப் போக வேண்டும். நீங்கள் பிட் லேனில் ஊரும் நேரத்தில் அவர்களும் ஊர்கிறார்கள். 20 வினாடி இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். இந்தச் சலுகை விலையை விடக் கூடாது என்பது பொதுவான புத்தி.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 கத்தார். அந்த வார இறுதியில் ஒரு டயரை 25 சுற்றுகளுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று பாதுகாப்புக்காக ஒரு தனி வரம்பு இருந்தது. பந்தயம் 57 சுற்று. ஏழாவது சுற்றில் சேஃப்டி கார். 57இல் 7 போனால் 50, அதாவது சரியாக 25, 25. அப்போது உள்ளே போனவர்களுக்குப் பாக்கி ஒரே ஒரு நிறுத்தம்தான், அதையும் 32ஆவது சுற்றில் செய்தால் கணக்கு கச்சிதம். கிட்டத்தட்ட எல்லோரும் போனார்கள், வெர்ஸ்டாப்பன் உட்பட. முன்னால் இருந்த ஆஸ்கர் பியாஸ்ட்ரியையும் நோரிஸையும் மெக்லாரன் வெளியிலேயே வைத்தது. மற்றவர்கள் அந்த நெகிழ்வில்லாத கணக்கில் மாட்டிக்கொள்ள, தங்களுக்கு மட்டும் நிறுத்தும் நேரத்தைத் தேர்வு செய்யும் சுதந்திரம் இருக்கும் என்பது எண்ணம். ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு அவர்கள் முழு விலை கொடுத்து இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார், பியாஸ்ட்ரி இரண்டாவது, நோரிஸ் நான்காவது.

2021 அபுதாபியில் ஹாமில்டன் ஏன் உள்ளே போகவில்லை?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஆண்டின் கடைசிப் பந்தயம், ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் சமமாக 369.5 புள்ளி. ஹாமில்டன் முன்னால், 14ஆவது சுற்றில் மாட்டிய வெள்ளை டயரில். 58 சுற்றில் 53ஆவது சுற்றில் நிக்கோலஸ் லத்தீஃபியின் கார் சுவரில் மோதியது. சேஃப்டி கார்.

முதலிடத்தில் இருப்பவர்தான் முதலில் முடிவெடுக்க வேண்டும், அதுதான் அவருக்குப் பாதகம். ஹாமில்டன் உள்ளே போனால் வெர்ஸ்டாப்பன் வெளியே நின்று முதலிடத்தை எடுத்துக்கொள்வார். பந்தயம் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்தால் பட்டம் அவருக்கு. ஹாமில்டன் வெளியே நின்றால் வெர்ஸ்டாப்பன் உள்ளே போய்ப் புது சிவப்பு டயர் போடுவார். இரண்டாமிடத்தில் இருப்பவருக்குப் பின்னால் இடைவெளி இருந்ததால் அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. நடந்தது இரண்டாவது. அப்புறம், இருவருக்கும் நடுவே இருந்த ஐந்து கார்களை மட்டும் முன்னால் போகச் சொல்லி, ஒரே ஒரு சுற்றுக்குப் பந்தயத்தைத் திறந்துவிட்டார் பந்தய இயக்குநர். புது டயருக்கு முன் பழைய டயர் நிற்கவில்லை. அந்தத் திறப்பு பெரிய சர்ச்சையானது; விதிகளும் பிறகு திருத்தப்பட்டன. மெர்சிடிஸின் முடிவை மட்டும் பார்த்தால், அந்த நொடியில் அவர்களுக்குத் தெரிந்ததை வைத்து அது தவறில்லை என்றே நினைக்கிறேன்.

சிவப்புக் கொடி காட்டினால்?

பந்தயம் நிறுத்தப்பட்டு எல்லாக் கார்களும் பிட் லேனில் வந்து நிற்கும். அங்கே டயரை மாற்றிக்கொள்ளலாம், நேர இழப்பே கிடையாது. 2024 மொனாக்கோவில் முதல் சுற்றிலேயே சிவப்புக் கொடி. கட்டாய டயர் மாற்றத்தை முன்னணியினர் அங்கேயே முடித்துவிட்டு, அதே டயரில் கடைசி வரை ஓட்டினார்கள். முதல் பத்து பேர் தொடங்கிய வரிசையிலேயே முடித்தார்கள். 2025இல் மொனாக்கோவுக்கு மட்டும் இரண்டு நிறுத்தம் கட்டாயம் என்று விதி வந்ததற்கு இப்படிப்பட்ட பந்தயங்கள்தான் காரணம்.

மழை வந்தால் கணக்கெல்லாம் மாறிவிடுமா?

முழுதாக மாறிவிடும். வறண்ட டயருக்கும் பச்சை டயருக்கும் நடுவே ஒரு கணம் இருக்கிறது, அதைத் தாண்டினால் ஒரே சுற்றில் பத்து இருபது வினாடி போகும். 2021 ரஷ்யப் பந்தயத்தில், சோச்சியில், நோரிஸ் தன் முதல் வெற்றியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கடைசிச் சில சுற்றுகளில் தூறல். ஹாமில்டன் அணியின் பேச்சைக் கேட்டு 49ஆவது சுற்றில் பச்சை டயர் மாட்டினார். நோரிஸ் வேண்டாம் என்று வெளியிலேயே இருந்தார். தூறல் மழையானது, நோரிஸ் வழுக்கித் தடத்தைவிட்டுப் போய் ஏழாவதாக முடித்தார். ஹாமில்டனுக்கு அது 100ஆவது வெற்றி. கடைசி வரிசையிலிருந்து தொடங்கிய வெர்ஸ்டாப்பன், சரியான சுற்றில் உள்ளே போனதால் இரண்டாமிடம் பெற்றார்.

அதே ஆண்டு துருக்கியில் எஸ்டபான் ஒகோன் ஈரத் தடத்தில் ஒருமுறைகூட நிறுத்தாமல் ஓட்டி பத்தாவதாக வந்தார். 1997 மொனாக்கோவில் மிகா சாலோவுக்குப் பிறகு அப்படி ஒருவர் முடித்தது அப்போதுதான்.

ஒரே அணியில் இரண்டு பேர் முன்னால் இருந்தால் யாரை முதலில் அழைப்பார்கள்?

வழக்கமாக முன்னால் இருப்பவரை. அண்டர்கட் பலம் யாருக்குப் போகிறது என்பதால் இது நியாயப் பிரச்சினையும்கூட. 2024 ஹங்கேரியில் பின்னாலிருந்து வரும் ஆபத்தைத் தடுக்க, இரண்டாமிடத்தில் இருந்த நோரிஸை மெக்லாரன் முதலில் அழைத்தது. அவர் பியாஸ்ட்ரியைத் தாண்டிவிட்டார். பிறகு இடத்தைத் திருப்பிக் கொடு என்று ரேடியோவில் பல சுற்றுகள் கெஞ்ச வேண்டியிருந்தது. முடிய மூன்று சுற்று இருக்கும்போது நோரிஸ் வழிவிட்டார். பியாஸ்ட்ரிக்கு முதல் வெற்றி.

பிட் ஸ்டாப்பில் தவறு நடந்தால்?

சில வினாடியிலிருந்து முழுப் பந்தயம் வரை போகலாம். 2021 மொனாக்கோவில் இரண்டாமிடத்தில் இருந்த வால்டேரி போட்டாஸ் டயர் மாற்ற வந்தார். முன் வலது சக்கரத்தின் நட்டைக் கருவி சரியாகப் பிடிக்காமல் சுற்றி, அதன் விளிம்புகளைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டது. சக்கரம் கழறவே இல்லை. அவர் பந்தயம் அங்கேயே முடிந்தது. தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் கழற்றினார்கள். 2020 சக்கீர் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸலின் காருக்கு போட்டாஸின் முன் டயர்களை மாட்டிவிட்டார்கள். முதலிடத்தில் இருந்த ரஸல் அதைச் சரிசெய்ய மறுபடி உள்ளே வர வேண்டியதாயிற்று. வென்றவர் செர்ஜியோ பெரெஸ்.

ஐந்து வினாடி தண்டனை என்றால் எப்படி நிறைவேற்றுவார்கள்?

அடுத்த நிறுத்தத்தில் கார் வந்து நின்றதும் ஐந்து வினாடி யாரும் அதைத் தொடக் கூடாது. அதன் பிறகே டயர் மாற்றலாம். மறுபடி நிறுத்தாவிட்டால் மொத்த நேரத்தில் கூட்டிவிடுவார்கள்.

2023 ஜெத்தாவில் பெர்னாண்டோ அலோன்சோவுக்கு இப்படி ஒரு தண்டனை. காத்திருக்கும்போது பின் ஜாக் காரைத் தொட்டுவிட்டது. மேடையேறி மூன்றாமிடக் கோப்பை வாங்கிய பிறகு, அதற்காக 10 வினாடி கூட்டி அவரை நான்காமிடத்துக்கு இறக்கினார்கள். ஜாக் வெறுமனே தொடுவது வேலை செய்வதாகாது என்று, முன்பு நடந்தவற்றைக் காட்டி ஆஸ்டன் மார்ட்டின் அணி வாதாடியது. சில மணி நேரத்தில் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அது அவருடைய 100ஆவது மேடை.

கொடி விழுந்ததும் வருவது இறுதி முடிவுதானே?

இல்லை. கார்களை எடை போட்டு, அளந்து பார்த்த பிறகுதான் முடிவு உறுதியாகும். வியூகமும் சோதனையும் நேருக்கு நேர் மோதிய பந்தயம் 2024 பெல்ஜியம். ஸ்பாவில் மற்ற முன்னணியினர் இரண்டு முறை நிறுத்த, ஆறாவதாகத் தொடங்கிய ரஸல் 10ஆவது சுற்றில் மாட்டிய வெள்ளை டயரிலேயே மீதி 34 சுற்றையும் ஓட்டி, ஹாமில்டனைப் பின்னால் நிறுத்திக்கொண்டே ஜெயித்தார். எரிபொருளை வடித்து எடை போட்டபோது 796.5 கிலோ, இருக்க வேண்டியது 798. ஒன்றரை கிலோவுக்காகத் தகுதிநீக்கம், வெற்றி ஹாமில்டனுக்கு. அத்தனை சுற்று ஓடிய டயர் ரப்பரை இழந்து எடை குறைந்திருக்கும். வழக்கமாக முடிந்தபின் மெதுவாக ஒரு சுற்று வரும்போது தடத்தில் கிடக்கும் ரப்பர் துணுக்குகளை டயரில் ஒட்டவைத்துக்கொண்டு வருவார்கள்; ஸ்பாவில் அந்தச் சுற்று முழுதாகக் கிடையாது, சீக்கிரமே திரும்பி பிட் லேனுக்கு வந்துவிடுவார்கள்.

2025 லாஸ் வேகஸில் நோரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி நான்காவது. காரின் அடிப்பலகை அனுமதித்ததைவிட அதிகம் தேய்ந்திருந்ததால் இருவருமே நீக்கப்பட்டார்கள்.

புள்ளிகள் எப்படி?

முதல் பத்து பேருக்கு 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. அதிவேகச் சுற்றுக்கு 2019 முதல் 2024 வரை ஒரு புள்ளி இருந்தது, இப்போது இல்லை. ஒவ்வொரு நிறுத்தமும் ஆண்டுக் கடைசியில் எண்ணப்படும்: 2025 பட்டத்தை நோரிஸ் 423 புள்ளியோடு வென்றார், வெர்ஸ்டாப்பனுக்கு 421.

டயரே மாற்றக் கூடாது என்று ஒரு காலம் இருந்ததாமே?

2005இல். ஒரே டயர் தகுதிச்சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் தாங்க வேண்டும். எரிபொருள் மட்டும் நிரப்பலாம். அந்த ஆண்டு நூர்பர்கிரிங்கில் ராய்க்கோனனின் முன் டயர் பிரேக் பிடித்ததில் தட்டையாகத் தேய்ந்து அதிர ஆரம்பித்தது. முதலிடத்தை விட மனமில்லாமல் ஓட்டினார்கள்; கடைசிச் சுற்றில் அதிர்வு தாங்காமல் சஸ்பென்ஷன் உடைந்தது.

அடுத்த மாதமே இண்டியானாபோலிஸ். சாய்வான கடைசி வளைவின் அழுத்தத்தை மிஷலின் டயர்கள் தாங்காது என்று தெரிந்து, அந்த டயர் போட்ட 14 கார்களும் தொடங்கும் முன்பே ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் ஆறே கார்கள் ஓடின. நான்காவதாக முடித்த நரேன் கார்த்திகேயன் 5 புள்ளி பெற்றார். ஃபார்முலா 1இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

மற்ற பந்தயங்களிலும் இதே கதைதானா?

கணக்கின் அடிப்படை ஒன்று, விவரம் வேறு. இண்டிகார், நாஸ்கார், லே மான் 24 மணி நேரப் பந்தயம் மூன்றிலும் எரிபொருள் நிரப்புவதால் நிறுத்தம் நீளும். நாஸ்காரில் சுவரைத் தாண்டி வேலை செய்ய ஐந்து பேருக்குத்தான் அனுமதி. லே மானில் ஓட்டுநரும் மாறுவார்.

டிவியில் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

இடது பக்கப் பட்டியலில் முதலிடத்திலிருந்து உள்ள தூரம், முன்னால் இருப்பவரிடமிருந்து உள்ள தூரம் என்று இரண்டு விதமாக மாறி மாறிக் காட்டுவார்கள். முதலாவதைப் பாருங்கள். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, யார் எந்தச் சுற்றில் எந்த நிற டயர் மாட்டினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் உள்ளே போகும் முன், அவருக்கு 20 வினாடி பின்னால் யார் இருக்கிறார் என்று தேடுங்கள். அவருக்கு அருகில்தான் இவர் வெளியே வருவார். அங்கே நான்கைந்து மெதுவான கார்கள் கூட்டமாக இருந்தால் அணி இன்னும் ஒரு சுற்று பொறுக்கும். வெற்றிடம் தெரிந்தால் அடுத்த சுற்றிலேயே கூப்பிட்டுவிடும்.